உதடு ஒட்டாத பாட்டு

— நிறுத்து குணா, அந்த எடத்துல நிறுத்து. பாட்டு "ஊரே கெளம்பும்"னு முடியுது. ஸ்கிரீன்ல சுகுணா வாயி தொறந்தே கெடக்கு!

— அதத்தான் சத்யா காலையிலேருந்து சொல்றேன். "ம்"முக்கு ஒதடு மூடணுமா இல்லையா? யப்பா, இழுத்துப் பாத்துட்டேன், வெட்டிப் பாத்துட்டேன். ஒட்ட மாட்டேங்குது.

— வேற டேக் போடு.

— எதப் போட்டாலும் இதே கததான். ஒண்ணுல முந்திக்கிறா, இன்னொண்ணுல பிந்திக்கிறா.

— ஏன்டி சுகுணா, வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தா எப்படி? காலேஜ் பஸ்ஸப் பத்தி ஒரு சின்னப் பாட்டு. மனப்பாடம் பண்ணி வாயசைக்கறதுக்கு ஒரு வாரம் குடுத்தேன்ல?

— ஆத்தீ, கத்தாத சத்யா. கேமராவப் பாத்தாலே எனக்கு வரி மறந்துபோகுது. நான் என்ன செய்ய?

— என்ன செய்யவா? இன்னைக்குச் சாயங்காலம் சப்மிஷன், கேட்டுக்க. கிளாஸே சிரிக்கப் போகுது. எனக்கு மட்டுமா மார்க்கு போகும்? குரூப்புக்கே போகும்.

— திருமயம் கோட்டைக்கே திரும்பப் போயி எடுத்துட்டு வந்துருவோமா?

— நீ ஒருத்தன் குணா! அங்கிட்டுப் போயி எறங்கறதுக்குள்ள வெயிலு போயிரும். கேமராவையும் திருப்பிக் குடுத்தாச்சு. மொதல்ல அந்தச் சேர ஆட்டாம ஒக்காரு, எரிச்சலா வருது.

— ஒண்ணு சொல்லவா சத்யா? திட்டக் கூடாது.

— சொல்லித் தொலை குணா.

— பாட்டு ரெக்கார்டிங் அன்னைக்கு, பிரகதீஸ்வரி பாடுனத டைமிங்குக்காக என் போன்ல வீடியோவா எடுத்து வெச்சேன். குரலும் அவளோடது, ஒதடும் அவளோடது. பின்ன ஒட்டாம எங்க போகும்?

— வேணாம். அவளுக்கு முன்பல்லு தூக்கலா இருக்கு, குளோசப்புக்கு ஆகாது, பாட மட்டும் செய்யட்டும்னு அன்னைக்கே பேசி முடிச்சது.

— பேசி முடிச்சது நீ. அதுவும் அவள நிக்க வெச்சுக்கிட்டே சொன்ன. அன்னையிலேருந்து அவ இந்த லேப் பக்கமே வரல.

— சும்மா இரு சுகுணா. நான் என்ன பகையிலயா சொன்னேன்? ஸ்கிரீன்ல எப்படித் தெரியும்னு பாக்கறது டைரக்டர் வேலை, கேட்டுக்க.

— அப்ப ஸ்கிரீன்ல பாத்துட்டுச் சொல்லு. குணா, போடுறா.

— இந்தா, ஓடுது.

— பாட்டு முடிஞ்சிருச்சு சத்யா. என்ன சொல்ற?

— இன்னொரு தடவ போடு குணா. கண்ண மூடிக்கிட்டு என்னமா பாடுறா... பல்லு எங்கடா இருக்கு? எனக்குத் தெரியவே இல்லையே.

— அப்ப வெட்டி ஒட்டிரவா? கோட்டை, ரோடு, பஸ்ஸெல்லாம் நடுநடுவுல வரட்டும். சுகுணா சன்னலோரமா போற பொண்ணா மட்டும் இருந்துக்கட்டும்.

— இருடா. அவளக் கேக்காம வைக்கக் கூடாது. இங்க டவர் இல்ல, வெளிய போயி பேசிட்டு வாரேன். என் நம்பரப் பாத்தா எடுப்பாளோ என்னமோ... மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்.

— எடுத்துட்டாளா சுகுணா? அந்தச் சன்னல்லேருந்து தெரியுதா?

— எடுத்துட்டா போல குணா. சத்யா படியில ஒக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டே பேசுறா.

— சரி, நீ இங்கிட்டு வா. ஒண்ணு காட்டுறேன். திருமயத்துல சத்யா "கட்"டுன்னு சொன்னதுக்கு அப்பறமும் கேமரா ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, நான் கவனிக்கல. பாரு, கோட்டைச் செவுத்துல சாஞ்சுக்கிட்டு நீ தனியாப் பாடுற. முழுப் பாட்டும்.

— ஆத்தீ...

— ஒரு எழுத்து பிசகல. "கெளம்பும்"னு எவ்வளவு அழகா ஒதட்ட மூடுற! வரி மறந்துபோகுதுன்ன?

— அத அழிச்சிரு குணா. நான் வேணும்னேதான் தப்பா வாயசைச்சேன்னு தெரிஞ்சா, பிரகதீஸ்வரி இந்தப் பாட்டுல நிக்க மாட்டா.