மேலே இருபத்திரண்டு, கீழே குளிர்

சரி, இவ்வளவு நேரமும் கருணை, கருணை எண்டு கதைச்சு உங்களைக் களைக்க வைச்சிட்டன். பின்வரிசையிலை ரெண்டு பேர் கண்ணை மூடித் தியானம் செய்யினம். அவையளுக்காக ஒரு சின்னக் கதை சொல்லுறன், கேளுங்கோ.

இந்தக் கனடாவிலை, எங்கடை ஸ்காபரோவிலைதான் நடந்தது. கடாட்சம் எண்டு ஒருத்தர். சொந்த வீடு. மேலே அவரும் மனிசி தவமலரும். கீழே, நிலத்துக்கடியிலை இருக்கிற பேஸ்மென்ற் வாடகைக்கு. இஞ்சை கனபேர் அப்பிடித்தானே? வீட்டுக்காரரும் இருக்கிறியள்… வாடகைக்கு இருக்கிறவையும் இருக்கிறியள். ஆரும் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பாக்காதேங்கோ.

கீழே நிரோஜினி எண்டு ஒரு பிள்ளை, புருசன், ஒரு கைக்குழந்தை. நல்ல சனம். கடாட்சத்தாருக்கும் அவையளிலை நல்ல விருப்பம். ஆனால் மார்கழி பிறந்தது… பிரச்சினையும் பிறந்தது.

நிரோஜினி மேலே வந்து சொல்லுறா: "அங்கிள், கீழே சரியான குளிர். பிள்ளைக்கு மூக்கடைச்சுப் பால் குடிக்குதில்லை."

கடாட்சம் என்ன செய்தார்? நேரே ஹோலுக்குப் போனார். சுவரிலை ஒரு சின்னப் பெட்டி இருக்கெல்லே, வீட்டுச் சூட்டை அளந்து, குறைஞ்சால் காஸிலை எரிஞ்சு வீட்டைச் சூடாக்குற ஃபேர்னஸைப் போட்டுவிடுற பெட்டி? அதைப் பாத்தார்.

"இருபத்திரண்டு காட்டுது பிள்ளை. முழு வீட்டுக்கும் ஒரே ஃபேர்னஸ்தான். எனக்கு இல்லாத குளிர் உனக்கு எங்காலை வந்தது?"

அந்தப் பிள்ளை கீழே போய், கரண்டிலை எரியிற ஒரு ஹீற்றரை வாங்கிப் போட்டுது. கரண்ட் காசு வாடகைக்குள்ளை. பில் வந்த அண்டைக்கு மனிசன் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார். ஆனால் அதிலை ஒரு புதினம்… காஸ் பில் குறைஞ்சிருக்கு. மார்கழிக் குளிரிலை காஸ் பில் குறையுமோ? ஆருக்காவது குறைஞ்சதோ? கையை உயர்த்துங்கோ பாப்பம்… ஒருத்தரும் இல்லை.

கடாட்சத்தாருக்கு இப்ப நித்திரை இல்லை. ஃபில்ரரை மாத்தினார். ஆளைக் கூப்பிட்டு ஃபேர்னஸைக் கழட்டித் திரும்பப் பூட்டுவிச்சார். "மெசின் நல்லாத்தான் இருக்கு அண்ணை" எண்டு சொல்லி அவன் காசை வாங்கிக்கொண்டு போட்டான். கீழ் யன்னல் இடுக்கெல்லாம் ரேப் ஒட்டினார். குளிர் போகேல்லை. அதுவும் நாள் முழுக்க வராதாம். காலமையும் பின்னேரமும்தானாம். குளிருக்கு என்ன, வேலைக்கு வந்து போற மாதிரி நேரம் இருக்கோ?

கடைசியிலை நிரோஜினி வந்து சொன்னா: "நாங்கள் வேறை இடம் பாக்கிறம் அங்கிள். பிள்ளையை வைச்சுக்கொண்டு ஏலாது. ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்கள் எப்பவும் மேலே நிண்டு அந்தப் பெட்டியைத்தான் பாக்கிறியள். ஒருநாள் காலமை கீழே வந்து இருந்து பாருங்கோவன்."

மனிசனுக்குச் சுட்டுது. அடுத்தநாள் விடிய முதலே கீழே போய் இருந்தார். முதல்லை நல்ல சூடு. ஃபேர்னஸ் இரையுது. திடீரெண்டு நிண்டுது… நிண்டது நிண்டதுதான். கொஞ்ச நேரத்திலை கால் விறைக்குது. கீழே நிண்டு கத்தினார்.

"தவம்! பெட்டி என்ன காட்டுது?"

"இருபத்தஞ்சு!"

பல்லுக் கிடுகிடுக்க மேலே ஓடினார். என்ன கண்டார்? ஹோலிலை சாமித்தட்டுக்கு முன்னாலை தவமலர் இருந்து கும்பிடுறா. மற்ற நாளிலை சின்ன விளக்கு. மார்கழிப் பூசைக்கு, காலமையும் பின்னேரமும், அஞ்சுமுகக் குத்துவிளக்கு. அஞ்சு திரியும் எரியுது. நேரே அதுக்கு மேலே… அந்தப் பெட்டி!

விளங்குதே? விளக்கு எரியப் பெட்டிக்குச் சூடு. முழு வீடும் சூடு எண்டு நினைச்சு அது ஃபேர்னஸை நிப்பாட்டிப்போடும். மேலே குசினியிலை அடுப்பெரியுது, கோப்பி கொதிக்குது, குளிர் தெரியாது. கீழே குழந்தை குளிரிலை.

"தவம், சாமியை வேறை பக்கம் மாத்துவம்."

"மார்கழியிலை சாமியை அசைக்கிறதோ? நல்ல கதை. அந்தப் பெட்டியைக் கழட்டி மாத்துங்கோ."

கடாட்சம் வாதாடேல்லை. "சரி, திருநீறை எடுத்துக்கொண்டுபோய்க் கீழே குழந்தைக்குப் பூசிப்போட்டு வா" எண்டார்.

தவமலர் போனா. குழந்தைக்குத் தலையிலை ரெண்டு தொப்பி. நெத்தியிலை திருநீறு பூசினா. காலைத் தொட்டா… சில்லெண்டு கிடக்குது. நிரோஜினி அந்தக் காலைத் தன்ரை சுவெற்றருக்குள்ளை இழுத்து வைச்சுக்கொண்டா.

மேலே வந்த தவமலர் ஒருக்கால் கும்பிட்டா. பிள்ளையார் படத்தைத் தூக்கினா, குசினிப் பக்கம் நடந்தா.

"அசைக்கக் கூடாதெண்டியே?"

"அவருக்குக் குளிராது. குழந்தைக்குத்தான் குளிருது."

இப்ப சொல்லுங்கோ, இந்தக் கதையிலை ஆர் கெட்டவை? கடாட்சம் பொய் சொல்லேல்லை. பெட்டியும் பொய் சொல்லேல்லை. தவமலர் கும்பிட்டதும் பிழையில்லை. பிறகேன் ஒரு குழந்தை குளிரிலை கிடந்தது? அளந்த இடம் பிழை. எங்கடை விளக்குக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு மற்றவையின்ரை குளிரை அளக்கிறம். ஆராவது கஷ்டம் எண்டு வந்தால், "எனக்கு இல்லையே" எண்டு சுவரைக் காட்டுறம்.

இண்டைக்கு வீட்டை போய், பெட்டி எங்கை இருக்கெண்டு ஒருக்கால் பாருங்கோ. பிறகு கீழே இறங்கிப் போங்கோ. சப்பாத்தையும் கோட்டையும் கழட்டிப்போட்டு, கீழே இருக்கிறவையளோடை கொஞ்ச நேரம் இருந்துபோட்டு வாங்கோ.