நாலாவது கோட்டு

திருவொற்றியூர் பஸ் ரயில்வே கேட்டில் நின்றிருந்தது. என் முன் சீட்டில் இரண்டு பேர், ஒரே மாதிரி நீலக் கோட்டு. ஜன்னலோரம் இருந்தவன் மடியில் அடிநாதம் தரும் பேஸ் கிட்டார்.

“கல்யாணத்துல பாதியிலயே என் கிட்டாரு வயரு கயண்டுக்கிச்சி மாமு. கடைசி வரிக்கும் சத்தமே இல்லாம வாசிச்சேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல.”

“நான்தான் புடுங்கினேன்.”

ஜன்னலோரம் இருந்தவன் கிட்டாரிலிருந்து கையை எடுத்தான்.

“ஏன்டா?”

“கீறது ஒரே ஆம்ப்ளிஃபயரு, அதுலதான் ரெண்டு பேரும் சொருவிக்கினு கீறோம். இது சர்ஃப் மியூசிக்குடா. வெள்ளக்காரன் கடல்ல பலக மேல நின்னு ஆடுற பாட்டு. என் கிட்டாரு அலை மாதிரி எகிறணும். நீ தும்மு தும்முனு அமுக்குற.”

“அலை எகிறணும்னா அடியில தண்ணி வேணாமா மாமு?”

கூட்ஸ் ரயில் போய் முடிந்தது, கேட் திறந்தது.

“அப்போ திங்கக்கெயமை எண்ணூர் கல்யாணத்துக்கு நான் வரல.”

“வராம பூடாத. நாலு கோட்டு நின்னாத்தான் பேண்டுன்னு ஒத்துக்கிறாங்க.”

“வயரு?”

“கோட்டு பாக்கெட்ல சொருவிக்கோ.”