என் பக்கத்து பிரேக்

காரில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்தியவனுக்கு முழங்கால் வலி வலது காலில்தான் முதலில் வரும். டாக்டரிடம் போனபோது, "நீங்கதான் ஓட்டுறதே இல்லையே, அப்புறம் வலது கால் எப்படித் தேயும்?" என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல அன்றைக்குப் பொறுமை இல்லை. நீங்கள் கேட்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறீர்கள் ஐயா, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மறுதேர்வு மையத்தில். அறுபது வயதைத் தாண்டியவர்களும், வண்டியை எங்காவது மோதிவிட்டு வந்தவர்களும் லைசென்சைத் தக்கவைக்க எங்களிடம் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாதவர்களுக்கும் மோதியவர்களுக்கும் எங்களிடமே மறுபயிற்சி கட்டாயம், பிறகு மீண்டும் தேர்வு. பயிற்சி கொடுப்பதும் நான், தேர்வு வைப்பதும் நான். என்னைத் தவிர இன்னொரு பெண் மட்டும்தான் பயிற்சியாளர், ஆள் பற்றாக்குறை. இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இந்தத் திட்டம் நல்ல திட்டம். நான் செய்ததை வைத்து யாரும் இதைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டிக்குப் புகைச் சோதனை உண்டு, டயர் சோதனை உண்டு. ஓட்டுகிற ஆளுக்கு மட்டும் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் சாகும்வரை செல்லும் என்பது என்ன நியாயம்? ஒரு லாரி முதலாளி வந்தார். "நான் ஸ்டீயரிங் பிடிச்சப்போ நீ பொறந்திருக்கவே மாட்டே" என்றார். வலப்புறம் திரும்பச் சொன்னேன். இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டுத் திரும்பினார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். சாலையில் இன்று உயிரோடு நடமாடுகிற பலர் எனக்குக் கடன்பட்டவர்கள், அவர்களுக்கே தெரியாது.

எங்கள் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. நான் மிதித்தால் ஓட்டுபவரின் பெடலும் தானாகக் கீழே இறங்கும். அவர் கால் அதன்மேல் சும்மா கிடந்தாலும் போதும், தானே மிதித்ததாகத்தான் தோன்றும். அதனால் ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறார்கள். என் கால் பட்டதும் 'பீப்' என்று கத்தும். தேர்வின்போது அது கத்தினால் தோல்வி. வேறு பேச்சே கிடையாது.

என் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. மனைவி போய்ச் சேர்ந்தபின் ஒரு அறையைத் திறப்பதில்லை. தங்கை வெளியூரில் இருக்கிறாள், மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். "நல்லா இருக்கியாண்ணா?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் "சரி, வச்சிடட்டுமா?" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் தொண்டை கட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை காலை முதல் ஆளிடம் "கண்ணாடியைச் சரிபண்ணுங்க" என்று சொல்லும்போது குரல் கரகரக்கும். எனக்குத் தனிமை பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பழகவில்லை.

லேப் அக்கா வந்தது அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டவர்கள். எனக்கும் அவருக்கும் வயதில் அதிக வித்தியாசம் இருக்காது, ஆனாலும் எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். அறுபது முடிந்ததால் தேர்வுக்கு வந்திருந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார், சாவியில் கை வைத்தவர் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களா சார்?" என்றார்.

அதை என்னிடம் கடைசியாகக் கேட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவர் அருமையாக ஓட்டினார். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி பார்ப்பது, இடைவெளி விடுவது, கியர் மாற்றுவது, ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஓட்டிக்கொண்டே பேசினார். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் பஸ் கிடையாது, தினமும் மதியம் இவர் காரில் போய்த்தான் ஊட்டிவிட்டு வருகிறார். "வேற யாரு ஊட்டினாலும் துப்பிடுவாரு. என்கிட்ட மட்டும் அப்படியே குழந்தை மாதிரி. கல்யாணமான புதுசுல இந்த அடக்கம் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மையத்தின் வாசலுக்கு முன்னால் நடப்பவர்கள் கடக்கும் கோடுகள் உண்டு. அங்கேதான் தேர்வு முடியும். அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். இன்னும் சிறிது நேரத்தில் இறங்கிப் போய்விடுவார் என்று தோன்றியது. என் கால் என் பக்கத்துப் பிரேக்குக்குப் போய்விட்டது. பஸ்ஸர் கத்தியது.

"நான் மிதிச்சுக்கிட்டுத்தானே சார் வந்தேன்?" என்றார்.

"மிதிச்சீங்க அக்கா. கொஞ்சம் லேட்டு."

கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நமக்கே தெரியாம வயசாகுது போல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மறுபயிற்சி யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

வகுப்புகள் தொடங்கின. பயிற்சிக்கு வருபவர்களை அந்தச் சத்தம் பதற வைக்கும் என்பதால் பஸ்ஸரின் ஒயரைக் கழற்றிவிட்டேன். அதுதான் காரணமா என்று நீங்கள் கேட்கலாம். அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அவர் பேசுவார், நான் கேட்பேன். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சிக்னலிலும் அவர் காலுக்கு ஒரு நொடி முன்னால் என் கால் இறங்கும். முரட்டுத்தனமாக அல்ல. மெதுவாக, சீராக. அவருக்குத் தெரியாது. முதலில் அவர் பெடல் மீது காலை வைத்து அழுத்தப் போவார், அது ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அழுத்துவதை விட்டார். சும்மா வைத்தார். பிறகு வைப்பதும் நின்றது.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மார்க்கெட் முனையில் சிவப்பு விழுந்தது. அவர் வீட்டுக்காரருடைய பழைய கோபங்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்து அப்படியே தரையில் போய் இளைப்பாறியது. வண்டி கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. அவர் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. யார் நிறுத்தியது என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு மனுஷி தன் உயிரை என் காலில் வைத்துவிட்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரரின் நிலைமையும் அவ்வப்போது காதில் விழுந்தது. லைசென்ஸ் கைக்கு வராததால் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மனசு இருக்கிற நாளில் அவன் வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. "நான் போகாத நாள்ல வாயையே திறக்க மாட்டேங்கிறாராம். கன்னம் ஒட்டிப்போச்சு சார். சீக்கிரம் பாஸ் பண்ணிவிடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். கேட்கக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வகுப்புக்கு நாள் குறித்துக் கொடுத்தேன்.

மையத்தில் கிண்டல் தொடங்கியது. "என்ன சார், லேப் அக்கா இன்னும் தேறலையா? இந்நேரம் அவங்களுக்கு ஏரோப்ளேனே ஓட்ட வந்திருக்கணுமே" என்றார் மேலாளர். நான் பாதுகாப்பில் சமரசம் கிடையாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்கு எங்கள் இடத்தில் எதிர்ப்பேச்சு இல்லை.

பிறகு ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அக்கா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இன்னொரு டீச்சர் பொண்ணு இருக்கே, அதுகிட்ட மாத்திக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"என்கிட்ட என்ன குறை அக்கா?"

"ஒரு குறையும் இல்ல. நீங்க தங்கமான மனுஷன். ஆனா என்னமோ தெரியல, உங்ககூட உட்கார்ந்தா எனக்கு ஓட்டுறதே மறந்து போகுது."

இத்தனை நாள் பேசியதெல்லாம் ஒன்றுமில்லையா என்று இருந்தது. தவிர, அந்தப் பெண் கெட்டிக்காரி. அக்காவை ஒரு தெரு ஓட்டவிட்டால் போதும், அவர் கால் பிரேக்குக்குப் போவதில்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். இத்தனை நாள் யார் காரில் பழகினார், பஸ்ஸர் ஏன் கத்தவில்லை என்றெல்லாம் பேச்சு வரும்.

மேலாளர் மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஆளை மாத்தி ஆரம்பத்துல இருந்து இழுக்க வேணாம். டெஸ்ட் வச்சிடுங்க, நான் பின்னாடி உட்கார்றேன்" என்றார். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. காலை எடுத்துவிட்டால் முதல் சிக்னலிலேயே உண்மை தெரிந்துவிடும். அக்காவுக்கு மறுபடி பழக்க வேண்டும் என்பார்கள், என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் காலை எடுக்கவில்லை, கழற்றிய பஸ்ஸர் ஒயரையும் மாட்டவில்லை. தேர்வு முழுக்க நான்தான் நிறுத்தினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாகப் பிரேக் பிடித்ததில்லை. பின்னால் மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சத்தமே வரலையே அக்கா. பாஸ்" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே போயிடுவேன் சார், அவரைப் பார்க்க." அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நான் வேறு கணக்குப் போட்டிருந்தேன். எங்காவது கேட்டில் உரசுவார், முன்னால் போகிற வண்டியை லேசாக முட்டுவார், பயந்துபோய்த் திரும்ப என்னிடமே வருவார் என்று நினைத்தேன். மோதிவிட்டு வருபவர்களுக்கு மறுபயிற்சி கட்டாயம் என்பது விதியில் இருக்கிறது. அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

மறுநாள் நடந்தது உங்களுக்கே தெரியும். இல்லத்தின் தோட்டக்காரர் வாசலுக்கு முன்னால் தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்திருக்கிறார். தினமும் அக்காவுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறவராம். வந்த காரை அடையாளம் தெரிந்து, நின்றுவிடும் என்று நம்பிக் கையை உயர்த்தியிருக்கிறார். சாலையில் டயர் தேய்ந்த தடம் எதுவும் இல்லை. காரின் பிரேக்கைச் சோதித்தார்கள், பழுதில்லை. இறந்தவருக்கு இரண்டு பெண்கள் இருப்பதாகப் பேப்பரில் படித்தேன். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் போய்ப் பார்த்தேன். வாசலில் போலீஸ் நின்றது, பயிற்சியாளர் என்றதும் விட்டார்கள். கையில் கட்டு. "மிதிச்சேன் சார், மிதிச்சேன்னுதான் நினைக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "எவ்வளவு பொறுமையாச் சொல்லிக்கொடுத்தீங்க. உங்க பேரையும் கெடுத்துட்டேனே" என்று அழுதார். நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் மதியம் நான்தான் அந்த இல்லத்துக்குப் போகிறேன். யார் என்று கேட்டார்கள், சொந்தக்காரன் என்றேன். அவர் என் கையால் ஒரு வாய்கூட வாங்கவில்லை. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சொன்ன கதைகளையெல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். அவர் வாசலையே பார்க்கிறார்.

இதையெல்லாம் நான் ஏன் வலிய வந்து சொல்கிறேன் என்று யோசிப்பீர்கள். உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில், அக்கா வயது காரணமாக ஓட்டும் திறனை இழந்தவர், இனி எப்போதும் உரிமம் வழங்கக் கூடாது என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். அக்கா என்னிடம் வந்த நாளில் இந்த ஊரில் அவரளவுக்கு நிதானமாக ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் காலை மறக்கச் செய்தது நான். தெரிந்தேதான் செய்தேன். மறந்துவிட்டது என்று தெரிந்தேதான் தேர்ச்சி கொடுத்து, தனியாகச் சாலைக்கு அனுப்பினேன். தோட்டக்காரரைக் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த நிரந்தரத் தடையை மட்டும் நீக்கிவிடுங்கள் ஐயா. மோதியவர்களுக்கு மறுபயிற்சி என்பதுதானே விதி. நான் தண்டனை முடிந்து வரும்வரை அவர் காத்திருக்கட்டும், வேறு யாரிடமும் அனுப்பாதீர்கள். புது ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால், பாவம், அவருக்குப் பயமாக இருக்கும்.