பாதி வேகம்

எந்த இயந்திரமும் அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருப்பேன். ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால், என் மனைவி நபீலா விளையாடும் கம்ப்யூட்டரின் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அவள் குளிக்கப் போயிருந்தபோது மின்சேமிப்பு செட்டிங்ஸைத் திறந்து, ப்ராசசர் பாதி வேகத்துக்கு மேல் போகாதபடி வைத்தேன். ஃபேன் அடங்கியது. நன்றாகத் தூங்கினேன்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நபீலா கெட்டிக்காரி. பெங்களூரில் ஒரு அணி அவளைக் கூப்பிட்டிருந்தது. இணையத்தில் சில ஆட்டங்கள் ஆடிக் காட்ட வேண்டும். தேறினால் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி, வாரக் கடைசியில் வீடு. நான் தடுக்கவில்லை. பெண்டாட்டியைத் தடுக்கிற ஆள் இல்லை நான். "அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூர்தானே, போய்ட்டு வா" என்றுகூடச் சொன்னேன்.

அன்று தூங்கி எழுந்தபோது, முதல் ஆட்டத்தில் தோற்று அவள் அழுதுகொண்டிருந்தாள். எதிரி முன்னால் வரும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்குகிறதாம். இவள் சுட்டால் குண்டு தாமதமாகப் போகிறதாம்.

"என்னன்னு பாருங்களேன். மெஷின் விஷயம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று என் தோளில் சாய்ந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "மெஷின்ல ஒண்ணுமில்ல நபீலா. உன் கைதான் கொஞ்சம் லேட்டாகுது. கண்ணும் அசந்து போயிருக்கும்."

செட்டிங்ஸை அப்படியே விட்டேன். அந்த அணி அவளை எடுக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். ஆனால் அவள் பயந்து போயிருந்தாள். அரிசி களையும்போது விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பயந்தவளை எப்படிச் சும்மா விடுவது? நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவள் தயங்கியதால் நானே பேசினேன். தூக்கத்தில் கை உதறுகிறது, பாத்திரம் நழுவுகிறது, சில நேரம் கூப்பிட்டாலும் கேட்காமல் வெறித்துப் பார்க்கிறாள் என்றேன். இதில் ஒன்றுகூட நடந்ததில்லை. ஆனால் தூங்கும்போதும் வெறிக்கும்போதும் நடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பாத்திரம் நழுவியதையும் மறந்துவிட்டதாக நினைத்திருப்பாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் நல்ல மனிதர். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை ஆரம்பித்தபின் பாத்திரம் நிஜமாகவே நழுவியது. பேச்சு குழறியது. ஸ்கூட்டி சாவியை அவளாகவே என்னிடம் தந்துவிட்டாள். பாகலூர் ரோட்டைத் தாண்ட என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது.

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து அவள் அண்ணன் அதீப் வந்தார். சும்மா விளையாட உட்கார்ந்தவர், படம் திக்கியதும் எதையோ தேடித் திறந்தார்.

"யாரு மாப்ள இதைக் குறைச்சு வெச்சது?"

"நான்தான்" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. டாக்டரிடம் பேசியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார்.

"இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. நபீலா பொறுமையாகக் கேட்டாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"இவரு இப்படித்தாண்ணா. என் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறாரு."

அதீப் ப்ராசசரை முழு வேகத்துக்கு மாற்றி அவளை உட்கார வைத்தார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. எதிரி வந்தான், போனான். அவள் விரல் அப்புறம்தான் அசைந்தது.

"பாத்தியா?" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கூட வந்துரு நபீலா, வேற டாக்டரைப் பாக்கலாம்."

"இவரு இல்லாம நான் எப்படிண்ணா?"

அவளுடைய துணிகளை ஒரு பையில் திணித்து, அதைத் தூக்கிப் பிடித்தபடி அதீப் வெகுநேரம் வாசலில் நின்றார். பிறகு பையை வைத்துவிட்டு, மாத்திரை அட்டையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார். நல்லவேளை, மருந்துக்கடை பக்கத்திலேயே இருக்கிறது.

செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டேன். அவள் நம்பவில்லை, அதற்கு என்னால் என்ன செய்ய முடியும்? சாப்பிட்டதும் தண்ணீரோடு மாத்திரையை நீட்டினேன். குழந்தைபோல் வாயைத் திறந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்த நான் யார்?