ஒன்பதாம் டியூப்

— இன்னொரு தடவை பார்த்துடுங்க அண்ணே.

— மூணு தடவை ஆச்சும்மா. ஒன்பதாம் டியூப் ரத்தம் பச்சையாத்தான் நிக்குது.

— பத்தொன்பது வயசுன்னு மேல எழுதியிருக்கே... தெரியுதா, இல்ல கண்ணாடி மாத்தணுமா?

— தெரியுது. உங்க கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு.

— விளையாடாதீங்க. சாயம் பழசா இருக்கும்.

— காலையிலதான் கலக்கினேன். அதே சாயத்துல அந்த இருபது வயசுப் பையனோடது செக்கச்செவேல்னு மின்னுது.

— அப்ப வேற ஏதோ...

— வேற என்னம்மா? இருபத்திரண்டு வருஷமா இதேதானே பார்க்கிறேன். செல்லுக்குச் சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவோட சவ்வு நல்லா இருந்து சார்ஜைப் பிடிச்சு வெச்சா, சிவப்பு. வயசாகி, சவ்வு கசிஞ்சு, சார்ஜ் நிக்கலைன்னா பச்சை.

— பத்தொன்பது வயசுல எப்படிக் கசியும்?

— ஏதாவது வியாதியா இருந்தா...

— வாயை வெக்காதீங்க.

— சரி, வெக்கல. யாரோட ரத்தம் இது?

— யாரோ காலேஜ் பொண்ணு.

— யாரோ பொண்ணுக்காகவா ரெண்டு நாளா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க?

— பசிக்கல, அவ்வளவுதான்.

— சொல்லுங்கம்மா.

— என் பொண்ணோடது. பாப்பாவோடது.

— ம்... நினைச்சேன்.

— இந்த ஆராய்ச்சிக்குச் சின்ன வயசு ரத்தம் ஒண்ணு குறைஞ்சுது. ஆள் கிடைக்கலைன்னா வீட்டு ஆளுங்க கையைத்தானே நீட்டச் சொல்வோம்... நானே எடுத்தேன். ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள சுவரைப் பிடிச்சுக்கறா அண்ணே. சோம்பேறின்னு திட்டினேன். எத்தனை தடவை திட்டினேன் தெரியுமா...

— எல்லா வீட்டுலயும் திட்டுறதுதான்.

— எல்லா வீட்டுலயும் இந்தச் சவ்வை வெச்சுப் பொழப்பு நடத்தலையே. மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டேருந்துதான் வரும். அவ அப்பா மேல பழி போடக்கூட வழியில்ல. நான் குடுத்தது. குணமாக்க மருந்தும் கிடையாது. இவ்வளவு படிச்சு, எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.

— அழாதீங்க... அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

— என்ன?

— ஒன்பதையும் பதினாறையும் நான் மாத்தி வெச்சிருப்பேனோன்னு...

— பதினாறு யாரு?

— எண்பத்தோரு வயசுப் பெரியவர்.

— இருங்க... அப்ப பதினாறு சிவப்பா இருக்கணுமே. இருந்துச்சா?

— ...இருந்துச்சு.

— நல்லாப் பார்த்தீங்களா?

— பார்த்தேம்மா.

— நல்ல ஆளுண்ணே நீங்க. இதை முதல்லயே சொன்னா என்ன? எனக்கு உயிரே போயிடுச்சு. தப்புப் பண்ணவங்கதான் ஒரு வாரம் கண்ணாடிச் சாமானெல்லாம் கழுவணும், நம்ம சட்டம். மறந்துடாதீங்க.

— கழுவுறேன்.

— அவளுக்கு ஃபோன் பண்ணி... இல்ல, முதல்ல அந்தச் சிவப்பை என் கண்ணால பார்த்துக்கறேன். நகருங்க.

— வேணாம்மா.

— மைக்ரோஸ்கோப்பை விட்டு நகருங்கண்ணே. ஒரு நிமிஷம்தான்.

— பதினாறும் பச்சைதாம்மா. நான் எதையும் மாத்தல... நீங்க அழுததைப் பார்க்க முடியாம சொல்லிட்டேன்.