பசை காயும் நேரம்

— என்னம்மா இது, வீடு காலி பண்ணுதீங்களா? கரண்டி, டம்ளர், டப்பா எல்லாம் தரையில கெடக்கு. போன்ல ஒரு டிராயர் இறுகிப்போச்சுன்னுதானே சொன்னீங்க?

— இறுகினது ஒண்ணுதான், செல்வமணி. மத்ததை எல்லாம் நானே உருவி வெச்சேன். நீ முதல்ல உக்காரு.

— உருவுனீங்களா? இந்த அடுக்களைப் பணி முடிச்சு ரெண்டு வருசம்தானே ஆச்சு. நல்ல மரமாப் பாத்துத்தான் போட்டேன். கம்ப்ளெயின்ட் எதும் உண்டா?

— ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை. கரண்டி டிராயரை ஓங்கி இழுத்தேன், கையோட வந்துடுத்து. கவுத்துப் பாத்தா அடியில பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு. வாசிக்கட்டுமா? "தோளில் கதவோடு மாடி ஏறினேன். எதிரே வந்தவர் எல்லோரும் தட்டாமலே கடந்து போனார்கள்." இது நீ எழுதினதுதானே?

— தப்புதாம்மா. உப்புத்தாள் பையில இருக்கு. தேய்ச்சா அஞ்சு நிமிசத்துல போயிரும்.

— தேய்ச்சேன்னா உன்னை இந்த ஃபிளாட் வாசலைத் தாண்ட விடமாட்டேன், கேட்டயா. பையை மூடு.

— அப்ப திட்டக் கூப்பிடலையா?

— திட்டறதுக்கா காப்பி போட்டு வெச்சிருக்கேன்? குடி. அப்பறம்தான் ஒவ்வொண்ணா உருவினேன். இது தொட்டிக்குக் கீழே இருக்கற கதவுக்குப் பின்னாடி: "கீழ்வீட்டில் மீன் பொரிக்கிறார்கள். என் சோற்றில் ஊறுகாய் வெட்கப்படுகிறது." எங்காத்து அடுக்களையில மீன். ஸ்ரீவராகத்துல இருக்கற என் நாத்தனாருக்குத் தெரிஞ்சா இங்க பச்சைத்தண்ணி குடிக்க மாட்டா.

— அன்னைக்கு நெசமாவே அப்படி ஒரு மணம்மா. சாளை மீனு. நான் இந்த ஜன்னல்கிட்ட வெறும் ஊறுகாயை வச்சு உண்டுக்கிட்டு இருந்தேன்.

— இதைக் கேக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு இதெல்லாம் எங்கேருந்து வரது?

— எங்கேருந்துன்னா என்ன சொல்ல. பசை போட்டா காயுற வரைக்கும் அரை மணிக்கூர் சும்மா இருக்கணும் அல்லே. போன்ல நெட்டு தீர்ந்திருக்கும். காதுல பென்சில் இருக்கும். கண்ணுல பட்டதை எழுதுவேன், அவ்வளவுதான்.

— நான் பேங்க்லேருந்து ரிட்டயர் ஆனதுலேருந்து கவிதை எழுதறேன்னு உக்காந்திருக்கேன். பால்கனியில ஊஞ்சல் மாட்டினேன். தோல் அட்டை போட்ட நோட்டு வாங்கினேன். போன வாரம் கார் பிடிச்சு கல்லாறு போய், ஆத்துப் பாறையில ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிண்டு உக்காந்தேன்.

— ஏதாச்சும் வந்துதா?

— குரங்கு வந்தது. நேந்திரங்காய் வறுவலைப் பையோட எடுத்துண்டு போயிடுத்து.

— அதை எழுதியிருக்கலாமேம்மா.

— அது எப்படிக் கவிதையாகும்? நான் ஆத்தைன்னா பாத்துண்டிருந்தேன்.

— கண்ணை மூடிக்கிட்டுல்லா இருந்தீங்க.

— சிரிக்காதே. இன்னொண்ணு சொல்லணும், அதுக்கும் சிரிக்கப்படாது. ஞாயித்துக்கிழமை தமிழ்ச் சங்கத்துல ஆளுக்கு ஒரு கவிதை வாசிக்கணும். பேரைக் குடுத்துட்டேன். நோட்டுல ஒரு வரி இல்லை. நேத்து உன் கதவுக் கவிதையை நோட்டுல எழுதி, கீழே பத்மஜான்னு என் பேரையும் போட்டேன்.

— அதுக்கென்னம்மா, எடுத்துக்கிடுங்க. டிராயருக்கு அடியில கெடந்ததுதானே.

— அப்படிச் சொல்லாதே. கதவைத் தோள்ல வெச்சுண்டு நான் ஒரு படி ஏறியிருக்கேனா? காலம்பற அந்தப் பக்கத்தைத் திறந்தேன், கூசித்து. கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உனக்கு ஃபோன் பண்ணினேன். நீ வா. நீயே வாசி.

— அது மட்டும் வேண்டாம்மா.

— ஏன்?

— பால்பாண்டியைத் தெரியும்லா, என்கூட இங்க பணி செஞ்சானே, புளியங்குடிக்காரன். ஏழு வருசமா ஒரே ரூம்ல கெடக்கோம். ஒரு தடவை அவன்கிட்ட ஒண்ணு வாசிச்சுக் காட்டினேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அன்னையிலேருந்து ‘கவிஞரே ஆணியை எடும்', ‘கவிஞரே, மரம் அறுக்குற வாளைப் பிடியும்'னு போற எடமெல்லாம் கேலி. இங்கத்த மலையாளத்துக்காரங்களும் ‘எந்தா கவியே'ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. பொறவு யாருக்கும் காட்டினதில்ல. பலகைக்கு அடியில எழுதினா யாரு சிரிக்கப் போறா?

— நான் சிரிச்சேனா?

— இல்ல.

— இன்னிக்குக் கதவுக் கவிதையை என் பொண்ணுக்கு அனுப்பினேன். செல்வமணி எழுதினதுன்னு உன் பேரைப் போட்டுத்தான். ஆபீஸ் லிஃப்ட்ல படிச்சாளாம். அவ இறங்க வேண்டிய மாடி தாண்டிப் போயிடுத்தாம்.

— நெசமாவா?

— பொய் சொல்லி எனக்கென்ன ஆகணும்?

— சரி, வாரேன். ஆனா ஒண்ணே ஒண்ணுதான் வாசிப்பேன். எதை வாசிக்கட்டும்? எழுதினதுல பாதி எனக்கே ஓர்மையில்ல.

— நான் முடிவே பண்ணிட்டேன். கதவு நன்னாருக்கு, மீனும் நன்னாருக்கு. ஆனா இதைப் படிச்சுட்டு செத்த நேரம் அங்கேயே தரையில உக்காந்துட்டேன். அவசரத்துல கிறுக்கியிருக்கே, எழுத்தே வேற மாதிரி இருக்கு. "ஊரில் அவள் தனியாகப் பாய் விரிக்கிறாள். நான் இங்கே யாருக்கோ இரட்டைக் கட்டில் செய்கிறேன்."

— இன்னொரு தடவை வாசிங்கம்மா.

— "ஊரில் அவள் தனியாகப் பாய் விரிக்கிறாள். நான் இங்கே யாருக்கோ இரட்டைக் கட்டில் செய்கிறேன்." என்ன, கண்ணைத் துடைக்கறே?

— இது எங்கன இருந்துச்சு?

— படுக்கற ரூம்ல. மெத்தையைத் தூக்கினா கட்டில் பலகை இருக்கே, அதுக்கு அடியில.

— அம்மா, நான் இந்த அடுக்களையை விட்டு அந்த ரூமுக்குப் போகவே இல்ல. அந்தக் கட்டிலு பால்பாண்டி செஞ்சது.