வெண்ணெய் தின்றவன் ஊதியபோது

தலைமை நாற்காலியில் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய பணிமனை மேலாளர் அவர்களே, இந்தப் பாராட்டுக் கூட்டத்தை நடத்தியே தீருவோம் என்று மல்லுக்கு நின்ற தொழிலாளர் நலச் சங்கத்தின் செயல்வீரர்களே, என் கையில் முதன்முதலாக ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட ஓய்வுபெற்ற மூத்தோர்களே, பிள்ளைகளை மடியில் அமர்த்தி முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, டயர் பிரிவுத் தோழர்களே, எஞ்சின் பிரிவு அன்பர்களே, மூன்றாம் வரிசையில் இருக்கும் என் வண்டியின் கண்டக்டர் தம்பியே, அவருக்கு முன்னால் கைப்பையை இறுகப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் வாழ்க்கைத் துணைவியே, உங்கள் அனைவருக்கும், நாற்பது நாட்கள் சோற்றைக் கண்ணால் மட்டுமே கண்டு களித்த ஓர் ஓட்டுநரின் பணிவான வணக்கம்.

எதற்கு இந்தக் கூட்டம்? குடிக்காத ஒருவனைக் குடித்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் களங்கத்தைத் துடைப்பதற்கு இந்தக் கூட்டம். இன்னும் சற்று நேரத்தில் மேலாளர் அவர்கள் வருத்தக் கடிதத்தை வாசிப்பார். இருபத்திரண்டு ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியவன் என்ற சான்றிதழைத் தருவார். நாளைக் காலை முதல் வண்டிக்கான சாவியையும் தருவார். அதற்கு முன் நடந்ததை என் வாயால் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டேன். ஓட்டுநரின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்பர்களே, என் வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். அது சாதாரண வயிறா? எனக்கு முன்னே பணிமனைக்குள் நுழையும் வயிறு. எனக்குப் பின்னே வெளியேற மனமில்லாத வயிறு. வளைவில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங்கின் நடுவில் அழுந்தி, தானே ஹாரன் அடிக்கும் வயிறு. ஒருநாள் கண்டக்டர் தம்பி கேட்டார்: "அண்ணே, ரோடு காலியா கிடக்கு. யாருக்கு ஹாரன் அடிக்கிறீங்க?" நான் என்ன சொல்வேன்? அடித்தது நானல்ல, நேற்றிரவு உண்ட சோறு என்றா சொல்வேன்?

ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் மருத்துவர் அம்மையார் எடைக்கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் எடைக்கருவியைப் பார்த்தார். "ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கீங்க. எடையைக் குறைக்கலன்னா அடுத்த வருஷம் கனரக வண்டி ஓட்டத் தகுதிச் சான்று கொடுக்க மாட்டேன். சாப்பாட்டுல எந்த மாற்றம் செய்யறதா இருந்தாலும் முதல்ல என்கிட்ட வாங்க" என்றார். இதில் முதல் பாதி என் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி விழுந்ததா? விழுந்திருந்தால் இந்த மேடை ஏது, இந்த மைக் ஏது?

நான் எங்கே போனேன்? பார்சல் பிரிவு எழுத்தரிடம் போனேன். முட்டை வாத்தியார் என்றால்தான் அவரை உங்களுக்குத் தெரியும். அவர் மருத்துவம் படித்தவரா? இல்லை, கைபேசி படித்தவர். ஆறு கிலோ குறைத்த நாள் முதலாக ஊரையே குறைக்கக் கிளம்பியவர். "சோறு விஷம்ணே. ரொட்டியும் விஷம். சர்க்கரையைப் பத்தி பேசவே வேணாம். கீட்டோ சாப்பாட்டுக்கு வாங்க. வெண்ணெய்தான் உங்களைக் காப்பாத்தும்" என்றார். கொழுப்பைக் கரைக்கக் கொழுப்பைத் தின்ன வேண்டுமா என்று கேட்டேன். அதுதான் விஞ்ஞானம் என்றார். விஞ்ஞானம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லையே என்று உள்ளம் உருகினேன்.

சோறு போயிற்று. ரொட்டி போயிற்று. உருளைக்கிழங்கு போயிற்று. வாழைப்பழம், தேநீரில் போடும் சர்க்கரை, எல்லாம் வரிசையாக விடைபெற்றுப் போயின. வந்தவை எவை? காலையில் முட்டை வந்தது, நண்பகலில் முட்டையோடு வெண்ணெய் வந்தது, மாலையில் வெண்ணெயோடு இறைச்சி வந்தது. என் துணைவியார் காலிஃபிளவரைத் துருவி வேகவைத்துத் தட்டில் குவித்து, "இதைச் சோறுன்னு நினைச்சுக்கோங்க" என்றார். நான் நினைத்துக்கொண்டேன். வயிறு நினைத்துக்கொள்ள மறுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாய்ந்து நின்று அழுதிருக்கிறேன் தாய்மார்களே.

என்ன, எத்தனை கிலோ குறைந்தது என்றா கேட்கிறீர்கள்? இருங்கள் அம்மா, சொல்கிறேன். ஒன்பது கிலோ. ஹாரன் தானாக அடிப்பது நின்றது. இருக்கையை ஒரு படி முன்னால் நகர்த்தினேன். குனிந்தால் என் செருப்பு எனக்கே தெரிந்தது. படியில் ஏறினால் மூச்சு வாங்கவில்லை. தலை மட்டும் அவ்வப்போது இலேசாகி மிதப்பது போல இருந்தது. அதை ஞானம் என்று எண்ணிக்கொண்டேன்.

இனி ஊதுபெட்டிக்கு வருவோம். வண்டி எடுக்கும் முன் ஒவ்வோர் ஓட்டுநரும் வாயிற்கதவருகே நின்று அந்தப் பெட்டியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் கத்தும், கத்தினால் சாவி இல்லை. இந்தப் பெட்டி வேண்டுமென்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் யார்? மதுவிலக்குக் குழுவின் செயலாளராகிய நான். பெட்டி வந்த அன்று முக்கால் மணி நேரம் வரவேற்புரை ஆற்றியவன் யார்? அடியேன். அந்தப் பெட்டிக்குக் கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?

நாற்பதாம் நாள் காலை. ஊதினேன். கத்தியது. வாயிலில் இருந்த காவலர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பேட்டரி போல இருக்கு, இன்னொரு தடவை ஊதுங்கண்ணே" என்றார். ஊதினேன். இன்னும் ஆசையாகக் கத்தியது. எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. மேலாளர் அவர்கள் அறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. "நீங்களுமா?" என்றார். அந்த ஒரு சொல்லில் கூசிக் குறுகிப்போனேன். விதிப்படி சாவி தராமல் வீட்டுக்கு அனுப்பினார். விசாரணையில் தோற்றால் உரிமமும் போகும், பேரும் போகும்.

வெளியே வந்தால் எஞ்சின் பிரிவு அன்பர் ஒருவர் என் தோளில் கைபோட்டார். யாரென்று சொல்ல மாட்டேன். சிரிக்கும் சிரிப்பிலேயே தெரிகிறது. "அண்ணே, முதல் தடவை மாட்டும்போது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், பழகிடும். எங்ககூட உட்கார்ந்திருந்தா எவ்வளவோட நிறுத்தணும்னு நாங்க சொல்லிக் கொடுத்திருப்போம்ல" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் கூட்டத்துக்கு வராதவர், அன்று தம் கூட்டத்துக்கு என்னை வாய் நிறைய அழைத்தார்.

வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி போய்விட்டது. என் துணைவியார் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறவர். அவருடைய தகப்பனார் குடிகாரர். சிறு பெண்ணாக இருந்தபோது, அப்பா வாசலில் நுழைந்ததும் முகர்ந்து பார்த்துத் தாயிடம் சொல்வதுதான் அவருக்கு வீட்டில் கொடுத்த வேலை. குடிக்காதவன் வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் என்னைக் கட்டிக்கொண்டவர். வாடிக்கையாளரைப் பாதி முகப்பூச்சோடு உட்கார வைத்துவிட்டு வந்து என் முன் நின்றார். "ஊதுங்க" என்றார்.

ஊதினேன். கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இது குடி வாடை இல்ல. என் கடையில இருக்கிற நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை." எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே முகம் மாறி, "அதை எதுக்குக் குடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தார். ஒரு சொட்டும் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் தந்தார்.

மறுநாள் காலை துணைவியார் என்னையும் இழுத்துக்கொண்டு, பாட்டிலும் பஞ்சுமாக மேலாளர் அறைக்குள் நுழைந்தார். ஊதுபெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு அதன் வாயில் பிடித்தார். பெட்டி அலறியது. "அம்மா, இதனால என்ன சொல்ல வர்றீங்க?" என்றார் மேலாளர். "இந்தப் பஞ்சும் குடிச்சிருக்கு சார். இதையும் வீட்டுக்கு அனுப்புங்க" என்றார் என் துணைவியார். கைதட்டுங்கள் அன்பர்களே, அந்தக் கைதட்டல் அவருக்குரியது. மேலாளர் நியாயவான், உடனே என்னையும் ஊதச் சொன்னார், பெட்டி கத்தியது. அரைமணி நேரத்தில் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் மது துளியும் இல்லை.

மருத்துவர் அம்மையார் விளக்கினார். உடலுக்கு மாவும் சர்க்கரையும் கிடைக்காவிட்டால் அது கொழுப்பை எரிக்கும். எரிக்கும்போது கீட்டோன் என்ற பொருள் உண்டாகும். அதில் ஒரு வகைதான் அசிட்டோன். அது மூச்சில் வெளியேறும். சில ஊதுபெட்டிகளுக்கு அந்த வாடைக்கும் மதுவுக்கும் வேறுபாடு தெரியாது. நாற்பது நாளாக நான் நடமாடும் நெயில் பாலிஷ் ரிமூவராக இருந்திருக்கிறேன். "இந்தச் சாப்பாடு கெட்டதா டாக்டர்?" என்று கேட்டேன். "வலிப்பு வர்ற குழந்தைங்களுக்காக டாக்டருங்க பக்கத்துல இருந்து கொடுத்துத் தொடங்குன முறை இது. சிலருக்கு எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும். சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறும். உப்பும் தண்ணியும் உடம்பை விட்டுப் போகும், ரத்த அழுத்தம் இறங்கும். அழுத்த மாத்திரை போடறவங்க அதே அளவைப் போட்டுக்கிட்டே இருந்தா தலை சுத்தும், கண்ணு இருட்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது ஆச்சா?" என்று கேட்டார்.

பக்கத்தில் என் துணைவியார் இருந்தார். மேசைமேல் அவர் கையெழுத்துக்காகத் தகுதிச் சான்று காத்திருந்தது. "இல்லைங்க டாக்டர்" என்றேன்.

அன்பர்களே, இத்தனை நேரம் உங்களைச் சிரிக்க வைத்தவன் இப்போது ஒன்று சொல்லப் போகிறேன். தயவுசெய்து சிரிக்காதீர்கள். அந்தப் பதில் பொய்.

பெட்டி கத்துவதற்கு இரண்டு நாள் முன்பு, பாலத்திலிருந்து இறங்கும் வளைவில், வண்டியில் ஐம்பத்திரண்டு பேர் இருக்கும்போது, என் கண் இருட்டியது. எவ்வளவு நேரம்? இரண்டு எண்ணும் நேரம். இரண்டு எண்ணுவதற்குள் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பது இங்கே இருக்கும் ஓட்டுநர்களுக்குத் தெரியும். இரண்டு வண்டி நீளம் ஓடும். வெளிச்சம் திரும்பியபோது பாலத்தின் கைப்பிடிச் சுவர் பக்கக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முன் இருக்கையில் முட்டிக்கொண்டு விழித்தார்கள். கண்டக்டர் தம்பி ஓடிவந்து என்னவென்று கேட்டார். நாய் குறுக்கே வந்தது என்றேன்.

தம்பி, அன்று நாய் எதுவும் வரவில்லை.

என்ன தம்பி சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "நாய் வரலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்கிறீர்களா?

கேட்டீர்களா அன்பர்களே? வேறொருவனாக இருந்தால் அவர் அன்றே எழுதிக் கொடுத்திருப்பார். என் நல்ல பேர் அவர் வாயை அடைத்தது. அதே நல்ல பேர் என் வாயையும் அடைத்தது. எந்தப் பேரைக் காப்பாற்ற இந்தக் கூட்டத்தைக் கூட்டினீர்களோ, அந்தப் பேர்தான் ஐம்பத்திரண்டு பேரையும் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பெட்டி என்னைக் குடிகாரன் என்றது, அது தவறு. இவன் இன்று வண்டி ஓட்டக் கூடாது என்றது. அதில் என்ன தவறு? பணிமனை முழுக்க என்னை மதித்தது. மதிக்கத் தெரியாத பெட்டி ஒன்றுதான் என்னை நிறுத்தியது.

மேலாளர் அவர்களே, அந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டாம். வருத்தம் நான் தெரிவிக்க வேண்டியது. சான்றிதழும் வேண்டாம், சாவியும் வேண்டாம். நாளைக் காலை முதல் வண்டியை வேறொருவர் எடுக்கட்டும். நான் மருத்துவரிடம் போய் அந்தப் பதிலைத் திருத்திச் சொல்லப் போகிறேன். இவன் கண் இருட்டாது என்று அவர் எழுதித் தரும்வரை, நான் இந்தப் பணிமனைக்குப் பயணியாகத்தான் வருவேன்.

என் துணைவியார் எழுந்து நிற்கிறார். இது அவருக்கும் இப்போதுதான் தெரியும். கோபமாகத்தான் இருக்கிறார். கண்ணும் கலங்கியிருக்கிறது. "எறங்கி வாங்க. டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்கிறார்.

வருகிறேன் அம்மா. இவ்வளவு நேரம் பொறுமை காத்த தலைவர் அவர்களுக்கும், சிரித்தவர்களுக்கும், சிரிக்காமல் இருந்தவர்களுக்கும், என்னை நம்பி என் வண்டியில் தூங்கிய அந்த ஐம்பத்திரண்டு பேருக்கும் தலைவணங்கி நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.